கோட்டைக்குள் ஓர் அரசர்

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திற்குச் செல்வோரை முதலில் ஈர்ப்பவை சோழர் காலச் செப்புத்திருமேனிகளே. அவற்றைக் கண்டு களித்தபின் நாயக்கர் தர்பார் மண்டபத்தை அடைந்தால், அங்கே வெண்சலவைக்கல்லில் முக்கோண முடியணிந்து, இருகை கூப்பி நிற்கும் ஓர் அரசரைக் காணலாம். இங்கிலாந்துச் சிற்பி பிளாக்சுமன் வடித்த அவ்வுருவம் இரண்டாம் சரபோசி மன்னருடையது. வருவோரை வரவேற்பவர்போல் நிற்கும் அவர், இளமையில் தஞ்சையில் காவலில் கிடந்தவர்.

1777ஆம் ஆண்டு பிறந்த சரபோசியை மராத்திய மன்னர் துளசா 1787இல் மகவாக ஏற்றார்; அவ்வாண்டிலேயே மறைந்தார். தம்பி முறையினரான அமர்சிங் அரியணையைக் கைப்பற்ற, சிறுவனுக்குக் கல்வியும் மறுக்கப்பட்டது. துளசாவின் நம்பிக்கைக்கு உரியவரான சுவார்ட்சு பாதிரியார் முயன்று அவரைச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச் செய்தார். அந்நன்றியைச் சரபோசி இறுதிவரை மறக்கவில்லை. பாதிரியாரின் மரணப்படுக்கையருகே தாம் நிற்கும் காட்சியையும் பிளாக்சுமனைக் கொண்டே சலவைக்கல்லில் வடிப்பித்து, தஞ்சைத் தேவாலயத்தில் வைத்தார்.

1798இல் முடி சூடினார். மறு ஆண்டே ஆட்சியுரிமை முழுவதையும் ஆங்கிலேயக் கும்பினிக்கு எழுதிக் கொடுக்க நேர்ந்தது. பட்டமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், கோட்டையும் அரண்மனையுமே எஞ்சின. வலிமையற்ற மன்னர் எனப் பழிப்பது எளிது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றமைக்காக அவர் கடற்கரையில் எழுப்பிய மனோரா அப்பழிப்பிற்குச் சான்றாகவும் காட்டப்படும். ஆயினும், ஆள நாடில்லாத அவர் தம் பொழுதைக் கேளிக்கையில் கழிக்கவில்லை.

நாயக்கர் காலந்தொட்டு வந்த சரசுவதி மகால் நூலகத்தை அவர் பெருக்கிய வகை வியப்பிற்குரியது. மேலைநாட்டு மொழிகளில் அச்சான நூல்களை ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். பலவற்றில் தம் கையொப்பமும் இட்டார். காசிக்குச் சென்றபோது சுவடிகளைத் திரட்டிக்கொண்டு திரும்பினார். அரண்மனையில் தேவநாகரி எழுத்துகளைக் கொண்ட அச்சுக்கூடம் இயங்கியது. தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் ஆராயப்பட்டன. கண்நோயாளர் பற்றிய குறிப்புகள் கண்ணின் ஓவியங்களோடு எழுதப்பட்டு இன்றும் காக்கப்படுகின்றன. மருந்து அளிப்பதோடு நில்லாமல், பிணியின் இயல்பையும் தீர்ந்த விதத்தையும் பதிந்து வைக்க எண்ணியதே இங்குச் சிறப்பு.

1832இல் சரபோசி மறைந்தார். அவர் மகன் சிவாசிக்கு ஆண்மகவு இல்லாமையால் 1855இல் கும்பினி அரச மரபையே முடிவுக்குக் கொண்டுவந்தது. நூலகம் 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கலைக்கூடம் தோன்றியது 1951இல். அதிலுள்ள திருமேனிகள் அவர் திரட்டியவை அல்ல. அவர் திரட்டிய நூல்கள் அதே அரண்மனை வளாகத்தில், சில அடி தொலைவில் உள்ளன.