நாவலர் கடல் கடந்த வரலாறு

நாகப்பட்டினத்திற்கும் முருகைக்கற் பாறைகள் நிறைந்த காங்கேசன்துறைக் கரைக்கும் 2023-ம் ஆண்டு பயணிகள் கப்பல் தொடங்கியபோது, நாம் ஆறுமுக நாவலரையே நினைந்தோம்.

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ம் ஆண்டு பிறந்த அவர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பார்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்றார். பின் அவ்வேலையைத் துறந்து, 1848-ல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவினார். ஏட்டுச் சுவடிகளைக் கொண்டு பலருக்குக் கற்பித்தல் அரிதன்றோ? ஆதலின் 1849-ல், மாணாக்கர் சதாசிவம் பிள்ளையுடன் கடல் கடந்து இந்தியா போந்தார். அவர் நாடி வந்தது ஓர் அச்சியந்திரம்.

திருவாவடுதுறை ஆதீனத்தார் அவரது சொல்வன்மை கண்டு நாவலர் என்னும் பட்டம் அளித்தனர். எனினும் வந்த கருமத்தை அவர் மறந்தாரல்லர். அச்சியந்திரம் வாங்கி ஊர் மீண்டு, பாலபாடம் முதலியவற்றை எளிய வசனநடையிற் பதிப்பித்தார். 1864-ல் சிதம்பரத்திலும் பாடசாலை நிறுவினார், 1879-ல் மறைந்தார்.

சமயத்தில் தம் ஆசிரியரோடு மாறுபட்டும், அவர்பாற் கண்ட பள்ளிமுறையையும் அச்சுத்தொழிலையும் அவர் விட்டாரல்லர். மாறுபட்டாரிடத்தும் நல்லன கொள்ளும் இப்பண்பே நாம் கற்கத்தக்கது.

பின்னலாடை நூலால் வாழும் திருப்பூர் நாட்டு மாணவராகிய நாம், கற்கும் நூல் கைக்கெட்டுதற் பொருட்டுக் கடல் கடந்தாரை மறவாதிருப்போமாக.