கிராமக் கோயிலில் மலர்ந்த தமிழ்

கரிசல் மண்ணில் பருத்தி விளைவதையும், பட்டாசும் தீப்பெட்டியும் பிறப்பதையும் யாவரும் அறிவர். அதே கரிசல் பூமியில், கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில், கடல் கடந்து வந்த தமிழ்த் தொண்டர் ஒருவர் பணியாற்றினார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பரலோக மாதா கோயில் விளங்கும் அவ்வூரில் வாழ்ந்த அப்பெரியாரே வீரமாமுனிவர்.

இவர் இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். மாணவரின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, 1710இல் கோவா வந்து சேர்ந்தார். மறு ஆண்டே தமிழகத்தில் பணி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பது. அந்த வயதில்தான் அவர் தமிழ் கற்கத் தொடங்கினார்!

ஏன் கற்றார்? அவரை நம்பியிருந்தவர்கள் அரண்மனைப் புலவர்கள் அல்லர். ஏரும் கலப்பையும் பிடித்த எளிய மக்கள். அவர்கள் மொழியில் பேசாவிடில் அவர்கள் துயரை அறிவது எங்ஙனம்? ஆகவே காவியுடை உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, அவர்களுள் ஒருவராக வாழ்ந்தார். இப்பணி எளிதாக இருக்கவில்லை. குருக்கள்பட்டியில் சிறைப்பட்டு மரண தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பினார். ஆயினும் தாயகம் திரும்ப நினைத்தாரில்லை.

ஒரு குருவே பல ஊர்க் கோயில்களைக் கவனிக்க வேண்டியிருந்த காலம் அது. குரு வராத நாள்களில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுத்தவர்கள் வேதியர்கள். அவர்களுக்காகவே வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை 1727இல் எழுதினார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அங்குள்ள அடைக்கல மாதாமீது கலம்பகம் பாடினார். கோணான்குப்பத்தில் தேவதாயைப் பெரியநாயகி என்று அழைத்தார். பட்டிக்காட்டு மக்கள் தம் சொந்தத் தாயாகவே மாதாவைக் கண்டனர்.

சூசையப்பரின் வரலாற்றைத் தேம்பாவணி என்னும் காப்பியமாகப் பாடினார். மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது அது. பழைய நிகண்டுகள் செய்யுளாக இருந்தமையால் மனப்பாடம் செய்தவர்க்கே பயன்பட்டன. சொற்களை அகர வரிசையில் அமைத்துச் சதுரகராதியை 1732இல் முடித்தார். ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தையும், குபீரென்று சிரிப்பு மூட்டும் பரமார்த்த குரு கதையையும் இயற்றினார்.

எல்லாவற்றினும் நாம் நாள்தோறும் கையாளும் உதவி ஒன்றுண்டு. முன்பு எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி இடுவர். நெடில்களுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதனை விட்டுவிடவே, எரியா ஏரியா, கொல்லா கோலா என்று படிப்பவர் திகைத்தனர். முனிவரோ ஏ, ஓ என்று நெடிலுக்குத் தனி வடிவமும், இரட்டைக் கொம்பும் தந்து அக்குழப்பத்தைத் தீர்த்தார். இன்று முதல் வகுப்புப் பிள்ளையும் தடுமாறாமல் படிக்கிறது.

1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் கேரளத்து அம்பலக்காட்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1968இல் சென்னை மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

கான்வென்டில் பயிலும் நாம் ஆங்கிலத்தில் மதிப்பெண் குறைந்தால் அழுகிறோம். தமிழில் குறைந்தால் தாய்மொழிதானே என்று தேற்றிக்கொள்கிறோம். ஆனால், நம்மில் பலருடைய அன்னையர் பட்டாசு ஆலையில் வாரமெல்லாம் உழைத்து, ஞாயிறன்று ஊர்க் கோயிலில் வந்து அமர்கிறார்கள். அவர்களுள் எழுத்தறியாதவர்க்கு, பீடத்தருகே நாம் படிக்கும் வாசகம் செவிவழியே சேர வேண்டும். ழகரம் தவறினாலும், சொல்லை விழுங்கினாலும் இழப்பு அவர்களுக்கே. ஏழையின் பொருட்டு முப்பது வயதில் அரிச்சுவடி எடுத்தவர் வீரமாமுனிவர். தாய்ப்பாலோடு தமிழ் பெற்ற நாம், அதைத் திருத்தமாகப் படித்து நம் ஊர்க் கோயிலுக்குக் கொண்டு செல்வோம். அதுவே அம்முனிவர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.