ஆலன் டூரிங்

எம்மூராகிய சானமாவின் காட்டினின்று இரவில் இறங்கும் யானைகள் காவல் தளர்ந்த பக்கமாகவே கேழ்வரகுக் கொல்லையுட் புகும். ஓசூர்த் தொழிற்சாலைகளிற் பெருகியுள்ள கணினிகளுள் அத்துமீறிப் புக முயல்வோர் நாடுவதும் அத்தகைய பக்கத்தையே. இவ்வுண்மையைக் கணினி பிறக்கு முன்னரே செயலிற் காட்டியவர் ஆலன் டூரிங். அவர்தம் வரலாற்றை ஈண்டு யாம் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

அவர் நம் நாட்டோடு உறவில்லாதவர் அல்லர். தந்தையார் ஜூலியஸ், சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அலுவலர், அன்னையார் எத்தெல் சாரா, 1881-இல் கோவையை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். ஆலன் 1912 ஜூன் 23-ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். பெற்றோர் இந்தியாவில் இருந்தமையால் பிள்ளைப் பருவத்தைப் பெரும்பாலும் பிறர் இல்லத்திலேயே கழித்தார். கேம்பிரிட்ஜிற் கணிதம் பயின்று, விதிகளைத் தந்தால் எக்கணக்கையும் படிப்படியாய்ச் செய்யவல்ல பொறியொன்றை 1936-இல் மனத்தால் வகுத்தார். இன்றைய கணினிக்கு அது வித்தாயிற்று.

1939 செப்டம்பரிற் போர் மூண்டதும் பிளெட்ச்லி பார்க் என்னும் மாளிகையில் மறைமொழி ஆராயும் பணியேற்றார். ஜெர்மானியர் தம் ஆணைகளை எனிக்மா என்னும் பொறியால் உருமாற்றிக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பினர். பொறியின் அமைப்பு நாள்தோறும் மாறும். இயலக்கூடிய அமைப்புகளோ கோடானுகோடி. போலந்துக் கணித அறிஞர் 1932-லேயே இப்பொறியின் உள்ளமைப்பை உணர்ந்து, 1939 ஜூலையில் தம் முடிவுகளை ஆங்கிலேயர்க்கு ஈந்தனர். அவர்க்குரிய புகழை மறைத்தல் முறையன்று.

எனிக்மா எவ்வெழுத்தையும் அவ்வெழுத்தாகவே தாராது. ஏ என்னும் ஆங்கில எழுத்து ஒருகாலும் ஏ ஆக வாராது. அதனொடு, அனுப்புவோர் வானிலைச் செய்தியை நாள்தோறும் ஒரே வாய்பாட்டில் விடுத்தனர். இன்ன சொல் இருத்தல் வேண்டுமென ஊகித்து, அதனை மறைமொழியின்கீழ் வைத்து நகர்த்துவர். யாதேனும் ஓரெழுத்து மேலும் கீழும் ஒத்து நிற்பின், அவ்விடம் அன்றெனத் தள்ளுவர். எஞ்சிய இடங்களைக்கொண்டு அன்றைய அமைப்பைத் தேட டூரிங் வகுத்த மின்பொறி 1940 மார்ச்சில் வந்தமைந்தது. பொறியின் குறையினும் அதனைக் கையாண்டோரின் பழக்கமே பெருங்கேடு விளைத்தது என்பது எம் கருத்து. ஒரே கடவுச்சொல்லை எங்கும் வழங்கும் நம்மனோர் இதனை எண்ணுவாராக.

பிறர் பூட்டைத் திறந்தவர் தாமும் ஒரு பூட்டுச் செய்தார். பேச்சொலியை மறைத்தனுப்பும் அக்கருவிக்கு விவிலியத்துத் தெலீலாளின் பெயர் இடப்பட்டது. போர் முடிந்தமையால் அது பயன்படவில்லை.

1952 ஜனவரியில் அவர் வீட்டிற் களவு நிகழ்ந்தது. அவரே காவலர்க்கு அறிவித்தார். வந்த காவலரோ களவினும் அவர்தம் அந்தரங்க வாழ்வையே துருவினர். ஆடவர் இருவரிடை உறவு அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தாற் குற்றம். அவர் அதனை மறைத்திலர். தண்டனை பெற்றார், அரசின் இரகசியப் பணிக்குரிய அனுமதியையும் இழந்தார். நாட்டின் மறையைக் காத்தவர்க்குத் தம் மறையைக் காக்க வழியில்லாது போயிற்று. 1954 ஜூன் 7-ஆம் நாள், 41 வயதினராய், சயனைடு நஞ்சினால் உயிர்நீத்தார். அரச மன்னிப்பு 2013-இல் வந்தது.

போத்தனூரிற் பிறந்த அவ்வன்னையார் 1959-இல் மகனது வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். பிளெட்ச்லியின் செய்தி 1974 வரை மறைக்கப்பட்டிருந்தமையால், எனிக்மாவை வென்ற கதை அந்நூலில் இல்லை.