இடக்கை பெற்ற வெற்றி

ஆவடித் தோழர்களுக்கு ஆயுதம் புதிதல்ல. 1961-ஆம் ஆண்டு அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளிவந்தது. காவற்படை அணிகளின் முகாம்களும் இங்கே உண்டு. துப்பாக்கி பிடித்துப் பழகிய கைகளும், டாங்கிக்குத் திருகாணி முடுக்கிய கைகளும் ஒரே தேநீர்க் கடையிலே குவளை ஏந்தும் ஊர் இது. ஆகவே, ஒரு கையின் கதையை இங்கே பேசுவது பொருத்தமென்று கருதுகிறோம்.

இடக்கையின் கதை!

அந்தக் கைக்கு நம் நாட்டிலே இழைக்கப்பட்ட இழிவு கொஞ்சமா? குழந்தை இடக்கையை நீட்டிப் பண்டம் வாங்கினால், பீச்சாங்கை என்று ஏசுகிறோம். மணிக்கட்டிலே ஒரு அடியும் வைக்கிறோம். நல்ல காரியத்துக்கு வலக்கை, தீட்டுக்கு இடக்கை என்று உடம்புக்குள்ளேயே ஒரு வருணாசிரமம் வகுத்து வைத்தார்கள். அது போதாதென்று, சமுதாயத்தையே வலங்கைச் சாதிகள், இடங்கைச் சாதிகள் என்று பிளந்தார்கள். சென்னைப் பட்டணத்திலே 1652-லும் 1707-லும் அந்த இரு பிரிவினரும் மோதிக்கொண்டனர். எந்தத் தெரு எவருக்கு என்பதைத் தீர்த்துவைக்க வெள்ளைக்கார கவர்னர் வரவேண்டியிருந்தது. வெட்கம் அல்லவா!

ஒரே உடம்பிலே உள்ள இரண்டு கைகளில் ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்பது பிறப்பிலே வந்ததா, பழக்கத்திலே வந்ததா? இதற்குச் சாட்சி சொல்ல ஹங்கேரி நாட்டிலிருந்து ஒருவரை அழைக்கிறோம். அவர் பெயர் காரோலி டக்காச்.

1910 ஜனவரி 21-ல் பிறந்தவர், புடாபெஸ்ட் நகரத்தவர். படையிலே சேர்ந்தார். கைத்துப்பாக்கி சுடுவதிலே உலகத் தரத்தை எட்டினார். 1936-ல் பெர்லினிலே ஒலிம்பிக் பந்தயம் வந்தது. டக்காச் போனாரா? போகவில்லை. ஏன்? கை நடுங்கிற்றா? கண் மங்கிற்றா? இரண்டும் இல்லை. அவர் வெறும் சார்ஜண்ட்! அதிகாரிப் பதவியில் உள்ளவர்கள் மட்டுமே நாட்டின் சார்பிலே போட்டியிடலாம் என்பது அன்றைய விதி. குறி பார்க்கத் தெரிந்தவனைத் தள்ளிவிட்டு, தோளிலே இருக்கும் பட்டையைப் பார்த்தார்கள்.

தோழர்களே, எங்கோ கேட்ட கதை போல இருக்கிறதா? ஏகலைவன் கதைதான்! வில்வித்தையிலே வல்லவனாக இருந்தும், பிறந்த குலத்தைக் காட்டி ஒதுக்கப்பட்டான். குருதட்சணை என்ற பெயரால் வலக்கைக் கட்டைவிரலையும் இழந்தான். டக்காச்சும் வலக்கையை இழந்தார். ஆனால் அவர் கதை அங்கே முடியவில்லை.

பெர்லின் பந்தயத்துக்குப் பிறகு அந்தத் தடை நீங்கிற்று. 1940-ல் டோக்கியோ நகரிலே பந்தயம் என்றார்கள். வாகை இவருக்கே என்று நாடு நம்பிற்று. அந்த நேரத்திலே, 1938-ல், படைப் பயிற்சியின்போது கோளாறான எறிகுண்டு ஒன்று அவர் வலக்கையிலேயே வெடித்தது. இத்தனை ஆண்டு சுட்டுப் பழகிய கை சிதைந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையிலே கிடந்தார். வயது 28. வெளியே வந்தவர், யாருக்கும் சொல்லாமல், இடக்கையிலே துப்பாக்கியை எடுத்தார்.

எடுத்தால் போதுமா? வலக்கையால் தேர்ந்தவன் இடக்கைக்கு மாறும்போது, மீண்டும் பாலபாடம் படிக்கும் மாணவன்தான். அவன் படிக்கவேண்டிய பாடங்கள் மூன்று.

முதற்பாடம் கண். கையிலே வலது இடது இருப்பது போலக் கண்ணிலும் ஆளும் கண் என்று ஒன்று உண்டு. இரு கண்ணையும் திறந்து, கட்டைவிரலை நீட்டித் தூரத்துக் கம்பத்துக்கு நேராக வையுங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். விரல் விலகாமல் நின்றால், திறந்திருக்கும் கண்ணே ஆளும் கண். வலக்கைக்காரரில் பெரும்பாலோர்க்கு அது வலக்கண். துப்பாக்கி இடக்கைக்கு மாறினாலும் கண் மாறாது. ஒன்று, முகத்தைச் சற்றே திருப்பி வலக்கண்ணுக்கு நேராகத் துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டும். அல்லது இடக்கண்ணைப் புதிதாகப் பழக்க வேண்டும்.

இரண்டாம் பாடம் நேர்கோடு. குழலின் முனையிலே சிறு முள். பின்புறத்திலே ஒரு பிளவு. பிளவின் நடுவே முள் நிற்க வேண்டும். இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். முள் தெளிவாகவும், இலக்கு சற்று மங்கலாகவும் தெரிவதே சரி. கடைசல் இயந்திரத்திலே நிற்கும் தோழர்கள் இந்தக் கணக்கை உடனே உணர்வார்கள்: முள்ளுக்கும் பிளவுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் என்று கொண்டால், முள் 1 மில்லிமீட்டர் விலகினாலும், 25 மீட்டர் தூரத்திலே குண்டு 12 சென்டிமீட்டருக்கு மேல் விலகிப்போகும்!

மூன்றாம் பாடம் விரல். விசையை இழுக்கும்போது ஆட்காட்டி விரல் மட்டும் அசைய வேண்டும், அதுவும் நேர் பின்னோக்கி. பழகாதவன் கை முழுவதையும் இறுக்கிவிடுவான். வலக்கைக்காரன் குண்டு இடப்பக்கம் கீழே போகும். இடக்கைக்காரன் குண்டு வலப்பக்கம் கீழே போகும். இதற்கு மருந்து, துப்பாக்கியிலே குண்டில்லை என்பதை நன்கு பார்த்துக்கொண்டு, வெறும் விசையை மெல்ல மெல்ல இழுத்துப் பழகுவது. முள் ஆடாத வரையிலே பழகுவது. வரமும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம், பழக்கம் வேண்டும்.

1939 வசந்த காலத்திலே ஹங்கேரியின் தேசியப் போட்டி நடந்தது. கலந்துகொண்டார் டக்காச். வென்றார்! அதே ஆண்டு உலகப் போட்டியிலே வாகை சூடிய ஹங்கேரி அணியிலும் இடம் பெற்றார்.

இனி ஒலிம்பிக்தானே? இல்லை, போர் வந்தது. 1940 பந்தயம் நடக்கவில்லை. 1944 பந்தயமும் நடக்கவில்லை. இளமை கழிந்தது, பயிற்சி மட்டும் நிற்கவில்லை.

1948, லண்டன். வயது 38. போட்டியோ விரைவுச் சுடுபோட்டி. 25 மீட்டரில் வரிசையாக ஐந்து இலக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு. முதலிலே 8 விநாடி, பிறகு 6, பிறகு வெறும் 4 விநாடி! ஒற்றைக் கையாலே சுடவேண்டும். மறு கை துணைக்கு வரக்கூடாது. அர்ஜெண்டினாவின் உலக வாகையர் சேன்ஸ் வலியெந்தே, டக்காச்சைப் பார்த்து ஏன் வந்தீர் என்று வியந்து கேட்டாராம். கற்றுக்கொள்ள வந்தேன் என்றாராம் இவர். 600-க்கு 580 புள்ளி எடுத்தார் டக்காச். உலக சாதனை! தங்கம்! உலக வாகையர் 571 எடுத்து இரண்டாமிடம் பெற்றார். போதுமான அளவு கற்றுக்கொண்டீர் என்று அவரே பிறகு பாராட்டினார் என்பர்.

1952, ஹெல்சிங்கி. மீண்டும் தங்கம், 579 புள்ளி. இந்தப் போட்டியிலே தங்கத்தை அடுத்த ஒலிம்பிக்கிலும் தக்கவைத்த முதல் மனிதர் அவரே. இரண்டாமிடம் பெற்றவர் யார்? 578 புள்ளி எடுத்த சிலார்ட் குன்; டக்காச்சிடம் பயிற்சி பெற்ற இளைஞர்! ஒரே ஒரு புள்ளி இடைவெளி வரையிலே தன் மாணவனை வளர்த்துவிட்டவர் இந்த ஆசான். கட்டைவிரல் கேட்ட துரோணரை அருகே நிறுத்திப் பாருங்கள், தோழர்களே!

35 தேசியப் பட்டங்கள் பெற்று, அன்று சார்ஜண்ட் என்று ஒதுக்கப்பட்டவர் லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்து, 1976 ஜனவரி 5-ல் மறைந்தார்.

அவர் இடக்கை 1936-லும் இடக்கைதான். மாறியது பழக்கம். பதவி விதியும் மனிதன் போட்டதுதான். அதனால்தான் எடுக்க முடிந்தது. வலமும் இடமும், மேலும் கீழும் இயற்கையின் ஏற்பாடு என்பாருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் அழுத்துப் பொறியின் முன்னே நிற்கும் தோழர்களுக்கு, விரல் போவது என்றால் என்னவென்று தெரியும். அவர்களிடம் டக்காச்சைக் காட்டி, நீயும் துணிந்து நில் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர் கையைப் பறித்தது விதியல்ல, கோளாறான குண்டு. அவர் லண்டனிலே வென்ற அதே 1948-ல்தான், ஓடும் இயந்திரத்துக்குக் காப்பு வேலி வேண்டுமென்று விதித்த தொழிற்சாலைச் சட்டம் இந்நாட்டிலே இயற்றப்பட்டது. வீரத்தை வாழ்த்துவோம், ஆனால் வேலி எங்கே என்றும் கேட்போம். கை இழந்த தோழனுக்கு வாயிலிலே நாற்காலி போட்டு உட்கார வைக்காமல், மறு கையிலே புதுத் தொழில் பழகக் காலமும் கூலியும் கேட்போம்.

இன்றிரவு வீட்டிலே குழந்தை இடக்கையால் பென்சிலை எடுத்தால், அடிக்க ஓங்கிய கையைக் கீழே இறக்குங்கள். எழுதட்டும்!