பாய்லர் பட்டறையிலிருந்து பிரசவ வார்டுக்கு

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். மெக்கானிக்கல் படிச்சவன் டாக்டர் கதையை எதுக்கு எடுத்தான்னு நம்ம செட் நண்பர்கள் கேட்பாங்க. காரணம் இருக்குதுங்க.

இயன் டொனால்டு 1910-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் டாக்டர் குடும்பத்தில் பிறந்தார். தென்னாப்பிரிக்காவில் பட்டம் பெற்று, லண்டனில் மருத்துவம் முடித்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை டாக்டர். எரியும் விமானத்துக்குள் புகுந்து வீரர்களை மீட்டதற்கு விருது வாங்கினார். ரேடார், சோனார் பரிச்சயமும் அங்கே கிடைத்ததுதான். 1954-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியரானார்.

வெல்டிங்கில் விரிசல் தேடும் அல்ட்ராசானிக் கருவி நமக்குப் பழக்கமானது. ஒலி எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லும். 1955 ஜூலையில் டொனால்டு, ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ரென்ஃப்ரூவிலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்கே போய்விட்டார்! நீர்க்கட்டி ஒரு மாதிரியும் தசைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன.

கெல்வின் அண்ட் ஹியூஸ் கம்பெனியின் இளம் என்ஜினியர் டாம் பிரவுன், சங்கதி கேள்விப்பட்டு, தானாகவே டொனால்டுக்குப் போன் செய்தார். டாக்டர் ஜான் மக்விகரும் சேர்ந்துகொண்டார். வயிற்றில் புற்று, இனி வழியில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சினைப்பை நீர்க்கட்டிதான் என்று கருவி காட்டியது. ஆபரேஷன் செய்து பிழைத்தார். மூவரின் கட்டுரை 1958 ஜூனில் லான்செட்டில் வந்தது.

என் தங்கச்சிக்கு எங்க தொண்டாமுத்தூரில் ஏழாம் மாசம். ஸ்கேனில் குழந்தையின் வயிற்றில் இரண்டு குமிழிகள் தெரிந்தன. இரைப்பையை அடுத்த குடல் அடைபட்டிருந்தால் இப்படித் தெரியும். தெரியாமல் பால் கொடுத்திருந்தால் பச்சையாக வாந்தி எடுத்து, உடம்பு வற்றி, நாட்கள் வீணாகியிருக்கும். முன்கூட்டித் தெரிந்ததால் குழந்தை அறுவை நிபுணர் உள்ள ஆஸ்பத்திரியிலேயே பிரசவம். பால் கொடுக்காமல், இரைப்பைக்கு டியூப் போட்டு, டிரிப் ஏற்றி, பிறகு ஆபரேஷன். அம்மிணி இப்போ பள்ளிக்கூடம் போகுது.

இதே திரையில் பெண் சிசுவைத் தேடி அழித்ததால் 1994-இல் நம் நாட்டில் சட்டமே போட வேண்டி வந்தது. கருக்கலைப்பை எதிர்த்த டொனால்டு இதற்காகவா பாடுபட்டார்? இதய ஆபரேஷன்கள் செய்துகொண்டும் ஓயாமல் உழைத்த அவர் 1987-இல் காலமானார்.

தம்பி தங்கைகளே, டாக்டர் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று டாம் பிரவுன் ஒதுங்கவில்லை. நீங்களும் ஒதுங்காதீங்க.