திகதியை மாற்றி எழுதிய பொலிஸ் கப்டன்

1938 ஓகஸ்ட் 19 ஆம் திகதிக்கு முதல் வந்தவர் சுவிஸில் தங்கலாம். அதற்குப் பிறகு வந்தவர் வந்த வழியே திரும்பிப் போகவேண்டும். அந்த ஆண்டின் இலையுதிர் காலம் முழுவதும், சென்காலன் மாநிலத்தில் நூற்றுக்கணக்கான யூத அகதிகளின் உயிர் இந்த ஒரு திகதியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே பொலிஸ் தலைவராக இருந்த கப்டன் பவுல் குறுனிங்கர் செய்த குற்றத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். படிவத்தில் நாட்டுக்குள் வந்த நாள் என்று கேட்கப்பட்ட இடத்தில், உண்மையான நாளை விட்டு அதற்கு முந்திய ஒரு நாளை எழுதினார். மற்றவர்கள் அப்படி எழுதியபோதும் கண்டுகொள்ளாமல் விட்டார்.

நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. வில்லியம் டெல்லின் கதை எங்கள் ஆட்களுக்குத் தெரியும். செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடக்கிவைத்த ஹென்றி டுனாந்தைத் தெரியும். குறுனிங்கரின் பெயரைச் சொன்னால் அனேகமானோர் யார் அவர் என்றுதான் கேட்கிறார்கள். எனக்கும் அவரைப் பற்றி முதலில் சொன்னது இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள்தான். அகதியாக வந்து ஒரு படிவத்தை நிரப்பிய எவருக்கும் இவருடைய கதை தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

அவர் 1891 ஒக்டோபர் 27 ஆம் திகதி சென்காலன் நகரில் பிறந்தார். பெற்றோர் சுருட்டுக் கடை வைத்திருந்தவர்கள். ஆசிரியர் பயிற்சி பெற்று ஆரம்பப் பள்ளி ஆசிரியரானார். உதைபந்தாட்டத்திலும் பெயரெடுத்தவர். 1915 இல் சுவிஸ் சம்பியன் பட்டத்தை வென்ற புறூல் கழக அணியில் விளையாடினார். முதலாம் உலகப்போர்க் காலத்தில் இராணுவ சேவை செய்தார். 1919 இல் மாநில பொலிஸில் லெப்ரினன்ராகச் சேர்ந்து 1925 இல் அதன் தலைவரானார். மனைவி அலிஸ், இரண்டு பெண் பிள்ளைகள். கட்சி என்று பார்த்தால் தாராளவாதக் கட்சி, அதாவது ஊரின் மரியாதையான நடுத்தர மக்களின் கட்சி. புரட்சிக்காரர் என்று சொல்வதற்கு அவருடைய 46 வருட வாழ்க்கையில் எதுவும் இல்லை. சீருடை, சம்பளம், ஓய்வூதியம், ஞாயிற்றுக்கிழமை உதைபந்து. அப்படியான ஒரு மனிதர்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஒஸ்ரியாவுக்குள் நுழைந்தது. அங்கே ஏறக்குறைய இரண்டு இலட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். வியன்னாத் தெருக்களில் முதியவர்களை முழங்காலில் இருத்தி நிலத்தைத் தேய்க்க வைத்தார்கள். கடைகளைப் பறித்தார்கள், ஆட்களை டாக்காவ் வதைமுகாமுக்கு ஏற்றினார்கள். ஓடக்கூடியவர்கள் ஓடத் தொடங்கினார்கள். சுவிஸ் உடனடியாகச் செய்தது, ஒஸ்ரியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் விசாவைக் கட்டாயமாக்கியதுதான். அந்த ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றி ஒன்பது நாட்கள் பேசின. அனுதாபம் நிறையவே இருந்தது. கதவைத் திறக்கத்தான் ஏறக்குறைய எவரும் முன்வரவில்லை.

சுவிஸின் வெளிநாட்டவர் பொலிஸுக்கு அப்போது ஹைன்றிக் றொத்மூண்ட் தலைவர். நாடு அந்நியர்களால் நிரம்பிவிடக்கூடாது என்பது அவருக்கு உத்தியோகக் கொள்கையாகவே இருந்தது. அந்த வெளிநாட்டவர் பொலிஸ் என்ற பெயரை எங்கள் ஆட்களும் மறந்திருக்க மாட்டார்கள். எண்பதுகளில் வந்து அசூல் அடித்தவர்கள் விசா புதுப்பிக்கப் போய் நின்ற கந்தோர்களின் வாசலிலும் அந்தப் பெயர்தான் எழுதியிருந்தது.

ஓகஸ்ட் 17 ஆம் திகதி றொத்மூண்ட் மாநில பொலிஸ் பொறுப்பாளர்களைக் கூட்டிப் பேசினார். குறுனிங்கரும் போயிருந்தார். அகதிகளைத் திருப்பி அனுப்புவது மனிதத்தன்மைக்கு ஒவ்வாதது என்றும், நடைமுறையில் அது முடியாத காரியம் என்றும் அவர் அங்கே சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டு நாளில் எல்லை மூடப்பட்டது.

எல்லை என்றால் என்ன என்பதை டீபோல்ட்சாவு என்ற ஊரில் போய்ப் பார்க்கவேண்டும். நான் போயிருக்கிறேன். றைன் ஆறு அங்கே பெரிய வளைவாக ஓடி, அடிக்கடி வெள்ளம் போட்டுக்கொண்டிருந்தது. 1923 இல் ஆற்றை நேராக வெட்டிவிட்டார்கள். ஆறு இடம் மாறியது, எல்லை இடம் மாறவில்லை. அது பழைய வளைவிலேயே நின்றுவிட்டது. அந்தப் பழைய றைன் இப்போது ஆழமில்லாத, ஓட்டமில்லாத நீர்நிலை. நான் போன அன்று சிறுவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் ஒஸ்ரியாவின் ஹோகெனெம்ஸ் ஊர். முல்லைத்தீவில் நந்திக்கடலைக் கடந்தவர்களுக்கு நான் இதை விளக்கவேண்டியதில்லை. வியன்னாவிலிருந்து வந்த குடும்பங்கள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரவில் இறங்கி நடந்த தண்ணீர் அது. வழிகாட்டிய உள்ளூர் ஆட்களில் காசு வாங்கியவர்களும் இருந்தார்கள், வாங்காதவர்களும் இருந்தார்கள். ஏஜென்சிக்காரர் என்ற தொழில் எங்களோடு தொடங்கியது அல்ல.

கரையேறியவர்களுக்கு டீபோல்ட்சாவில் பழைய பூவேலைத் தொழிற்சாலை ஒன்றில் முகாம் அமைக்கப்பட்டது. செலவை யூத உதவி அமைப்பு பொறுப்பெடுத்தது. சென்காலனில் அந்த அமைப்பை நடத்தியவர் சிட்னி டிறைபுஸ். அவருடைய மகள் றூத் டிறைபுஸ் 1999 இல் சுவிஸின் முதலாவது பெண் ஜனாதிபதியானது பின்னால் நடந்த கதை.

குறுனிங்கர் என்ன செய்தார்? திகதியைப் பின்போட்டார். ஓகஸ்ட் கடைசியில் வந்தவர், செப்டெம்பரில் வந்தவர், ஒக்டோபரில் வந்தவர் எல்லோரும் தாளில் ஓகஸ்ட் முற்பகுதியில் வந்தவர்களானார்கள். பேர்ணுக்குப் போன அறிக்கைகளில் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினார். அக்கரையில் சிக்கியிருந்த சிலருக்கு, எல்லையைக் கடக்க உதவும் என்று உத்தியோகபூர்வ அழைப்புக் கடிதங்கள் அனுப்பினார். உடுத்த உடுப்போடு வந்தவர்களுக்குத் தன் சொந்தக் காசில் குளிர் உடுப்பு வாங்கிக் கொடுத்தார். மொத்தம் எத்தனை பேர் தப்பினார்கள் என்பதில் ஒத்த கருத்து இல்லை. 3,600 பேர் வரை என்ற எண் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆய்வு செய்த சிலர் அதைவிடக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். சரியான எண் எங்கே எழுதியிருக்கப்போகிறது? எண்ணிக்கை தெரியாமல் பார்த்துக்கொள்வதுதானே அவருடைய வேலையாக இருந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அவர் மேலதிகாரிக்கு எதிராகக் கொடி பிடிக்கவில்லை என்பதுதான். பத்திரிகைக்குப் போகவில்லை, பதவி விலகவில்லை. கதிரையில் இருந்தபடியே அந்தக் கதிரையின் அதிகாரத்தைப் பயன்படுத்தினார். அவர் விலகியிருந்தால் அந்த இடத்துக்கு வருபவர் சரியான திகதியை எழுதியிருப்பார். அவருக்கு மேலே இருந்த மாநில அமைச்சர் வாலன்டீன் கேல் ஒரு சமூக ஜனநாயகவாதி. கொஞ்சக் காலம் அவரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பேர்ணிலிருந்து அழுத்தம் வந்தபோது, பழி கப்டனின் தலையில் விழ விட்டுவிட்டார்.

இதே மாதங்களில் பேர்ணும் பேர்லினும் இன்னொரு ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்தன. ஜேர்மனியர் எல்லோருக்கும் விசா போடலாம் என்பது சுவிஸின் முதல் யோசனை. ஜேர்மனிக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் யூதர்களின் கடவுச்சீட்டில் மட்டும் அடையாளம் இடுவது என்று செப்டெம்பர் 29 ஆம் திகதி உடன்பட்டார்கள். ஒக்டோபரில் சிவப்பு நிற ஜே எழுத்து வந்தது. எல்லைக் காவலர் இனி எதுவும் கேட்கத் தேவையில்லை, முதல் பக்கத்தைத் திறந்தால் போதும். பெயரையும் பிறந்த இடத்தையும் பார்த்தே ஆளைத் தீர்மானிக்கும் சோதனைச்சாவடிகளைக் கடந்து வளர்ந்த எங்களுக்கு அந்த எழுத்தின் பொருள் உடனே புரியும். அந்த முத்திரைக்காக சுவிஸ் ஜனாதிபதி மன்னிப்புக் கேட்க 1995 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

1939 இன் தொடக்கத்தில் சென்காலனில் மட்டும் இத்தனை அகதிகள் எப்படி என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்தது. ஏப்ரலில் குறுனிங்கரை இடைநிறுத்தினார்கள். மே மாதம் முன்னறிவித்தல் இல்லாமல் வேலையிலிருந்து நீக்கினார்கள். ஓய்வூதியமும் போனது. 1940 இன் கடைசியில் நகர மாவட்ட நீதிமன்றம் கடமை மீறல், ஆவண மோசடி என்று இரண்டு குற்றங்களில் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. தண்டப்பணம் 300 பிராங்க், அதற்கு மேல் வழக்குச் செலவு. அகதிகளிடம் காசு வாங்கினார், பெண்களோடு தவறாக நடந்தார், நாசிகளின் ஆதரவாளர் என்றெல்லாம் கதை கட்டப்பட்டது. ஒன்றுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் ஊர் அந்தக் கதைகளைத்தான் நீண்ட காலம் நினைவில் வைத்திருந்தது.

வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது அவருக்கு 48 வயதும் ஆகவில்லை. அதன் பிறகு 30 வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார், நிரந்தர வேலை இல்லாமலே. மழை அங்கி விற்றார், கால்நடைத் தீவனம் விற்றார், வாகனம் ஓட்டப் பழக்கினார். பிற்காலத்தில் பதில் ஆசிரியராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்வந்தார். மூத்த மகள் றூத் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வேலை தேடி வீட்டைத் தாங்கவேண்டி வந்தது. வெளியேயிருந்து பார்ப்பவருக்கு 300 பிராங்க் சின்னத் தண்டனை. ஒரு வீடு முழுவதும் அந்தத் தண்டனையை அனுபவித்தது. எங்கள் ஊர்களிலும், பட்டினியாக வந்தவனுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுத்ததற்காக வேலையையும் பேரையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

செய்ததற்காக அவர் வருந்தவில்லை. பிற்காலத்தில் கேட்டவர்களிடமும், மறுபடி அந்த நிலை வந்தால் அதையே செய்வேன் என்ற கருத்தில்தான் பேசினார். 1970 டிசம்பரில் மாநில அரசு அவருடைய மனிதாபிமானத்தைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. தீர்ப்பை மட்டும் தொடவில்லை. 1971 இல் இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம் அவருக்கு நீதிமான் என்ற கௌரவத்தை வழங்கியது. 1972 பெப்ரவரி 22 ஆம் திகதி 80 வயதில் இறந்தார், சட்டப்படி குற்றவாளியாகவே.

அதற்குப் பிறகு மகளும் சில சட்டத்தரணிகளும் அரசியல்வாதிகளும் கோப்பைத் திரும்பத் திறக்கக் கேட்டார்கள். மறுப்புக்கு மேல் மறுப்பு. ஸ்ரெபான் கெல்லர் என்ற பத்திரிகையாளர் பழைய ஆவணங்களைத் தேடி, தப்பியவர்களைக் கண்டு பேசி எழுதிய நூல் 1993 இல் வந்தது. அந்த வருடமே மாநில அரசு அவருடைய மதிப்பை மீள ஏற்றது. 1995 இல் அவரைத் தண்டித்த அதே மாவட்ட நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1998 இல் குடும்பத்துக்கு 13 இலட்சம் பிராங்க் நட்டஈடு கிடைத்தது. அந்தப் பணத்தை அவர்கள் அவர் பெயரில் ஒரு நிதியத்தில் போட்டுவிட்டார்கள். இப்போது புறூல் கழகத்தின் மைதானத்துக்கு அவர் பெயர். டீபோல்ட்சாவுக்கும் ஹோகெனெம்ஸுக்கும் நடுவில் பழைய றைனைக் கடக்கும் பாலத்துக்கும் 2012 இலிருந்து அவர் பெயர்தான்.

செத்தவருக்குப் பாலம் கட்டுவது அரசுகளுக்குச் சிரமமில்லை. 1951 அகதிகள் சாசனத்தின் 33 ஆவது சரத்து, உயிராபத்து உள்ள இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது. எவியானும் டீபோல்ட்சாவும் போன்ற இடங்களில் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதப்பட்ட வரி அது. ஐரோப்பா அதை எப்படி மதிக்கிறது என்ற விவாதம் இப்போது கிரேக்கக் கடலிலும் போலந்துக் காட்டிலும் வந்து நிற்கிறது. 2022 ஏப்ரலில் ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பான புரொன்டெக்ஸின் தலைவர், அகதிகளைக் கடலில் திருப்பித் தள்ளியதை மறைத்த குற்றச்சாட்டுகளுக்கு நடுவில் பதவி விலகினார். அடுத்த மாதம், மே 15 ஆம் திகதி, அந்த அமைப்புக்குச் சுவிஸ் கொடுக்கும் பணத்தைக் கூட்டலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். 71 வீதத்துக்கு மேல் ஆம் என்று வாக்களித்தார்கள். வாக்குரிமை பெற்ற எங்கள் ஆட்களிலும் ஆம் போட்டவர்கள் உண்டு. வந்து சேர்ந்தவனுக்குக் கதவு கொஞ்சம் கனமாக இருப்பது பிடித்துவிடுகிறது. இதை நான் கோபத்தில் எழுதவில்லை, வீடுகளில் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி எங்களிடமே இருக்கிறது. 2013 இல் புகலிடம் மறுக்கப்பட்டு இங்கிருந்து அனுப்பப்பட்ட இரண்டு தமிழர்கள் இலங்கையில் கைதுசெய்யப்பட்டு அடைக்கப்பட்டார்கள். அந்த செப்டெம்பரில் சுவிஸ் இலங்கைக்குத் திருப்பி அனுப்புவதை இடைநிறுத்தியது. கோப்புகளைப் பார்வையிட்ட வெளி நிபுணர்கள், அந்த முடிவுகளில் பிழைகள் நடந்ததாக 2014 இல் அறிக்கை கொடுத்தார்கள். இரண்டு கோப்பிலும் திகதிகள் சரியாகத்தான் இருந்திருக்கும்.

நாசிக் காலத்தில் அகதிகளுக்கு உதவித் தண்டனை பெற்றவர்களின் தீர்ப்புகளை நீக்கும் சட்டம் ஒன்று சுவிஸில் 2004 இல் நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்களின் பெயர் அதன் கீழ் மீட்கப்பட்டது. அவர்களில் அனேகர் அப்போது உயிரோடு இல்லை. அந்தச் சட்டம் இரண்டாம் உலகப்போரின் முடிவு வரைக்கும்தான். அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வர ஒருவருக்கு உதவுவது, வெளிநாட்டவர் சட்டத்தின் 116 ஆவது சரத்தின்படி இன்றைக்கும் தண்டனைக்குரிய குற்றம்.