மக்கள் பங்கில் மரக்கலம் விட்ட மாமனிதர்
வ. உ. சிதம்பரம்பிள்ளை வாழ்க்கை வரலாறு

பொருளில்லாதவன் முயற்சி கருவிலே கருகும். நம்பிக்கையில்லாதவன் பொருளோ பெட்டியிலே உறங்கும். ஒருவன் கையிலுள்ள 25 ரூபாவால் ஒரு தோணிக்குத் துடுப்பு வாங்கலாம். அதே 25 ரூபாவைப் பல்லாயிரவர் மனமொத்து ஓரிடத்திற் குவித்தால் கடல் கடக்கும் நீராவிக் கப்பலையே வாங்கிவிடலாம். இவ்வுண்மையைத் தமிழ் மக்களுக்குச் செயலிற் காட்டியவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள். அவரைக் கப்பலோட்டிய தமிழரென்றும், செக்கிழுத்த செம்மலென்றும் நாம் அறிவோம். ஆனால், பெரும் வெள்ளைக் கம்பனியொன்றின் பிடியிலிருந்து வணிகரைப் பிரித்தெடுத்து, பங்குப் பணம் திரட்டி, எதிர்க் கம்பனியொன்றை நிறுவிய தொழில் முதல்வர் என்ற வகையில் அவரை அறிந்தோர் சிலரே. இளைஞர்கள் கற்கவும் முதியோர் எண்ணிப் பார்க்கவும் அவ்வரலாற்றில் நிறைய உண்டு.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிச் சீமையிலே, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஒட்டப்பிடாரம் என்னும் சிற்றூரில், 1872 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் நாள் உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மைந்தராகப் பிறந்தார் சிதம்பரம்பிள்ளை. தந்தையார் வழக்கறிஞர். மைந்தரும் அத்துறையையே கற்றுத் தேறி, ஒட்டப்பிடாரத்திலே தொழில் தொடங்கினார். ஏழைகளுக்காகப் பணம் பெறாமலே வாதாடுவதும், பொலிசாரை எதிர்த்து வெல்வதும் அவருக்கு வழக்கமாயின. உள்ளூர் அதிகாரிகளின் பகை வளரவே, தந்தையார் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார். 1900 ஆம் ஆண்டளவில் அத்துறைமுகப் பட்டினத்தில் அவர் குடியேறினார். தந்தையார் ஒரு சச்சரவைத் தவிர்க்க எண்ணிச் செய்த அக்காரியமே, மைந்தரைக் கடலோரத்திற் கொண்டுவந்து நிறுத்தியது.

வழக்கறிஞர் தொழிலோடு தமிழும் சைவமும் அவருக்கு இரு கண்களாயிருந்தன. சென்னைக்குச் சென்றிருந்தபோது, இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த சுவாமி இராமகிருஷ்ணானந்தரைக் கண்டு உரையாடினார். அத்துறவியாரின் சொற்களே சுதேசியம் என்னும் வித்தைத் தம் நெஞ்சில் ஊன்றியவை எனப் பிற்காலத்தில் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். காரைதீவு தந்த விபுலானந்த அடிகளைப் போற்றும் நம்மவர்க்கு, அம்மடத்தின் ஒளி இங்ஙனம் ஒரு தொழில் முயற்சிக்கும் விளக்கேற்றியது என்பது மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

கொழும்புக் கடற்பாதை

அந்நாளிலே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே இருந்த தொடர்பு மிகப் பெரிது. தலைமன்னார் வழியாக இரயிலும் கப்பலும் இணைந்த போக்குவரத்து 1914 இலேதான் தொடங்கியது. அதற்கு முன்னர், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு வருவோர்க்குத் தூத்துக்குடியே தலைவாயில். தோட்டத் தொழிலாளரும் வணிகரும், அரிசி மூடைகளும் துணிப் பொதிகளும் அவ்வழியே வந்திறங்கின. அக்கடற்பாதை முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பனியின் கையில் இருந்தது. அவர்கள் வைத்ததே கட்டணம். அவர்கள் ஏற்றினாலே சரக்கு ஏறும். சரக்கு நம்மவருடையது, பயணி நம்மவர், கூலியும் நம்மவர் கொடுப்பது. இலாபம் மட்டும் வேறிடம் சென்றது.

1905 இல் வங்காளம் பிரிக்கப்பட்டதும் இந்தியாவெங்கும் சுதேசிய இயக்கம் மூண்டது. அந்நியத் துணியைத் தீயிலிடுவதும் மேடையேறி முழங்குவதும் பலருக்கும் போதுமானதாயிருந்தது. பிள்ளையவர்களோ, பிறர் பொருளை வேண்டாமென்பவன் தன் பொருளை ஆக்கிக்காட்ட வேண்டுமென்று கருதினார். நெசவுசாலையும் பண்டகசாலையும் ஏற்படுத்த முயன்றார். பின்னர், எவரும் கைவைக்கத் துணியாத கடல் வாணிபத்திற் கைவைத்தார்.

நாவாய்ச் சங்கம்

1906 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அப்பொழுது பிள்ளையவர்களுக்கு வயது 34. கம்பனியின் மூலதனம் 10 இலட்சம் ரூபா. அது தலா 25 ரூபா வீதம் 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. செல்வர் நால்வரிடம் பெருந்தொகை வாங்குவதை விட, நடுத்தரக் குடும்பத்தவரும் ஒரு பங்கேனும் வாங்கக்கூடியவாறு சிறு பங்குகளாகப் பிரித்தமையே இதன் சிறப்பு. ஆசிய நாட்டவர் எவரும் பங்கு பெறலாமென்று விதித்தமையால், இலங்கையிலுள்ளோர்க்கும் கதவு திறந்திருந்தது.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். சேலம் விசயராகவாச்சாரியார் சட்டத் துணை புரிந்தார். தூத்துக்குடி வணிகப் பெருமகனாகிய ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளைத் தாம் ஒருவராகவே ஏற்றார். அவற்றின் பெறுமதி 2 இலட்சம் ரூபா. மொத்த மூலதனத்தில் ஐந்திலொன்று! அப்பெருமகனே கம்பனியின் செயலாளருமானார். கருவும் உருவும் தந்த பிள்ளையவர்களோ உதவிச் செயலாளர் என்னும் சிறு பதவியோடு அமைந்தார். கோயிலும் பள்ளிவாசலும் அண்மையிலிருந்து மணியோசையும் பாங்கொலியும் கலந்து கேட்கும் கல்முனையில் வாழும் நமக்கு, சைவப் பிள்ளையும் இஸ்லாமியச் சேட்டும் ஒரே பேரேட்டிற் கையொப்பமிட்ட இக்காட்சி எத்துணை இனியது!

பிறர் பணத்தைத் திரட்டுதல் அக்காலத்தில் எளிதான காரியமன்று. கம்பனி பதிவாகி ஆறே நாளில், ஒக்டோபர் 22 ஆம் நாள், சென்னையிற் பெரும் புகழோடு விளங்கிய அர்பத்நட் என்னும் வெள்ளையர் வங்கி முறிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்நாட் சேமிப்பு மறைந்தது. அவ்வங்கியின் முதல்வர் பின்னர்ச் சிறை புகுந்தார். அந்த அழிவின் நடுவேயிருந்து, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907 இல் இந்தியன் வங்கி எழுந்தது. மக்கள் தம் காசை எவரிடம் ஒப்படைப்பதென்று கலங்கிய அந்நாட்களிலேதான், பிள்ளையவர்கள் ஊரூராகச் சென்று பங்கு சேர்த்தார். பார்த்திராத கப்பலை நம்பி மக்கள் பணம் கொடுத்தார்கள் என்றால், கேட்டவரின் நாணயத்தை நம்பியே கொடுத்தார்கள்.

கப்பல் வந்தது

தொடக்கத்தில் ஷாலைன் கம்பனியாரிடம் வாடகைக்குக் கப்பல் பெற்று ஓட்டினர். பிரிட்டிஷ் கம்பனி அவர்களை நெருக்கவே, அவர்கள் கப்பலைத் திருப்பிக்கொண்டனர். பிள்ளையவர்கள் சோரவில்லை. இலங்கையிலிருந்து கப்பலொன்றை வாடகைக்கு எடுத்து வாக்கைக் காப்பாற்றினார். எனினும், இரவற் கப்பலில் ஏறி எதிரியை வெல்ல இயலாதென்பதை உணர்ந்து, சொந்தக் கப்பல் வாங்குவதற்காகப் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டிலே மகன் நோயுற்றிருந்தான். மனைவியார் மீனாட்சி அம்மையார் கருவுற்றிருந்தார் என்பர். கப்பலின்றித் திரும்பேன் என்ற உறுதியோடு அவர் சென்றார்.

1907 இல் காலியா என்னும் கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. வேதமூர்த்தி என்னும் அன்பரின் முயற்சியால் பிரான்சிலிருந்து லாவோ என்னும் கப்பலும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூடை சரக்கும் ஏற்றலாம். கரையிலே கூடிய மக்களின் களிப்பைச் சொல்லி முடியாது. பாரதியாரின் இந்தியா பத்திரிகை அக்களிப்பைத் தமிழ்நாடெங்கும் பரப்பியது.

கட்டணப் போர்

வணிகர் பலர் பழைய கம்பனியை விட்டுப் பிரிந்து சுதேசிக் கப்பலிற் சரக்கேற்றலாயினர். பிரிட்டிஷ் கம்பனி கட்டணத்தை 1 ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி 8 அணாவாகக் குறைத்தது. பின்னர், பயணிகளை இலவசமாகவே ஏற்றி, ஆளுக்கொரு குடையும் கொடுக்க வெள்ளையர் முன்வந்தனர் என்பர்.

இதன் சூட்சுமத்தை இளைஞர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 8 அணாக் கட்டணத்தில் 1,300 பேரும் நிறைந்து சென்றாலும், சாதாரண வகுப்பின் வருவாய் 650 ரூபாவே. நிலக்கரி, மாலுமிகள் சம்பளம், துறைமுகச் செலவு எல்லாவற்றுக்கும் அவ்வருவாயே பெருந்துணை. பழைய கம்பனிக்கோ இந்துமாக்கடலெங்கும் கப்பல்கள் ஓடின. ஒரு பாதையில் வரும் நட்டத்தைப் பல பாதைகளின் இலாபத்தால் ஈடுசெய்யலாம். இரண்டே கப்பலுடைய கம்பனிக்கு ஈடு செய்ய வேறிடமில்லை. அந்த இலவசக் குடை பயணியின் தலைக்கு நிழல் தருவதற்காகக் கொடுக்கப்பட்டதன்று. நாளை எதிரியில்லாத கடலில் விரும்பிய கட்டணத்தை வாங்குவதற்காக இன்று இடப்பட்ட தூண்டிலிரை அது.

அறமும் ஆபத்தும்

கம்பனியை மட்டும் கவனித்திருந்தால் பிள்ளையவர்கள் செல்வராயிருப்பார். ஆனால் 1908 பெப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் ஓய்வுநாளும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது, அவர் அவர்கள் பக்கம் நின்றார். சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார். தொழிலாளர் வென்றனர்; அரசினர் வெகுண்டனர். கம்பனி நிருவாகத்தில் இருந்த சிலர், வாணிபத்தோடு அரசியலைக் கலத்தல் பங்குதாரரின் முதலுக்குக் கேடு என்று அஞ்சினர். அவ்வச்சத்தைக் கோழைத்தனமென்று முற்றாகத் தள்ளிவிடலாகாது. பிறர் பணத்தைக் காப்பவனுக்கு அஞ்சவும் கடமையுண்டு. பிள்ளையவர்களுக்கோ கப்பலும் நாட்டு விடுதலையும் ஒன்றே. இவ்விரு நோக்கும் இணங்கவில்லை. கம்பனியின் உள்ளே விழுந்த முதற் பிளவு அதுவே.

1908 மார்ச் 12 ஆம் நாள் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலியிற் கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. யூலை 7 ஆம் நாள் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேன்முறையீட்டிலே தண்டனை குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிலே பூட்டப்பட்டார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அவ்விருட்டிலும் ஜேம்ஸ் அலனின் நூலை மனம்போல வாழ்வு எனத் தமிழாக்கினார். மெய்யறம் என்னும் நூலை யாத்தார்.

வெளியே கம்பனி தளர்ந்தது. தலைவரில்லை, கட்டணப் போரிற் பட்ட நட்டம் தீரவில்லை, அரசின் பகை ஓயவில்லை, பங்குதாரர் மனமுடைந்தனர். 1911 இற் கம்பனி கலைக்கப்பட்டுக் கப்பல்கள் விற்கப்பட்டன. அவற்றுளொன்று எதிரிக் கம்பனிக்கே விற்கப்பட்டதென்பர்.

பிற்கால வாழ்வு

1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது சிறைவாயிலில் வரவேற்கத் திரண்டோர் மிகச் சிலர். அவருள் ஒருவர், சிறையிலே பெருநோய் பற்றிய சுப்பிரமணிய சிவா. வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டிருந்தமையால், சென்னையிற் சிறு கடை நடத்தியும் வேறு பல தொழில் செய்தும் குடும்பம் காத்தார். வறுமையிலும் தமிழ்ப்பணி குன்றவில்லை. திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். சிவஞானபோதத்துக்கு உரையெழுதினார். பின்னாளில் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் துணையால் வழக்கறிஞர் உரிமை மீண்டது. அந்நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியைப் பகைத்தவர், நல்ல மனிதரைப் பகைத்தாரல்லர்.

1936 நவம்பர் 18 ஆம் நாள் தூத்துக்குடியிற் காங்கிரஸ் அலுவலகத்திலே அவர் உயிர் நீத்தார். அவர் எழுதிவைத்த உயிலில், துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தாம் தரவேண்டியிருந்த சிறு தொகைகளையும் குறித்திருந்தார். 10 இலட்சம் ரூபா மூலதனமுள்ள கம்பனியை எழுப்பியவர், சில்லறைக் கடனையும் மறைக்காது எழுதிவைத்துப் போனார்! மக்கள் அவரை நம்பிப் பங்கு வாங்கியதற்குக் காரணம் இதிலே விளங்குகிறதன்றோ?

நாம் கொள்ளத்தக்கவை

அவருடைய வாழ்வைத் திரைப்படமாக 1961 இற் கண்டு கண்ணீர் வடித்த முதியோர் நம்மிடையே உளர். தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் நிலைத்தது, கம்பனி நிலைக்கவில்லை. ஏன்?

முதலாவது காரணம், ஒருவர் தோளிலேயே முழுப் பாரமும் கிடந்தமை. அவரைச் சிறையிட்டதும் கம்பனி கட்டுண்டது. பழையதிலிருந்து பிரிந்து புதியதொன்றைத் தொடங்கும் இளைஞர், தமக்குப்பின் அதை நடத்த வல்ல பத்துப் பேரையும் உடன் உருவாக்கவேண்டும். இரண்டாவது, கட்டணப் போரைத் தாங்கும் சேம நிதி இல்லாமை. முதல் ஆண்டிலேயே இலாபம் பிறக்குமென்று எண்ணித் தொடங்கும் எந்த நிறுவனமும் பெரியவர்களின் முதல் அடியில் விழும். மூன்றாவது, வாணிபத்துக்கும் அரசியலுக்கும் எல்லை எதுவென்று நிருவாகிகள் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்யாமை. நான்காவது, மலிவுக்கும் இலவசத்துக்கும் மயங்கிய மக்கள். கரையில் நின்று ஆரவாரித்தவர்கள் அனைவரும் தம் கப்பலிலேயே ஏறியிருந்தால் வரலாறு வேறாயிருக்கும்.

நம் பகுதியிலும் நெல் விளைகிறது, மீன் படுகிறது, மருதமுனைத் தறிகளிலே துணி நெய்யப்படுகிறது. ஊருக்கூர் சீட்டுக் கட்டிச் சேமிக்கும் பழக்கமும் உண்டு. அச்சிறு சேமிப்புக்களை நாணயமான கணக்கோடு கூட்டுத் தொழிலாக மாற்றும் ஆற்றல் இளைஞர்க்கு வரவேண்டும். புதிய முயற்சியொன்றோடு இளைஞன் ஒருவன் வந்து நிற்கும்போது, கணக்கைக் கேளாமல் பணம் கொடுப்பதும் கணக்கு நேராயிருந்தும் கதவடைப்பதும் முதியோர்க்கு அழகன்று. பங்கு வாங்கியபின், காற்று எதிராக வீசும் நாளிலும் உடன் நிற்றல் வேண்டும்.

சிதம்பரம்பிள்ளையவர்கள் விட்ட கப்பல்கள் கைமாறிப் போயின. சிறு பங்குகள் கூடிப் பெருங்கலம் ஆகும் என்று அவர் காட்டிய வழி இன்றும் திறந்தே கிடக்கிறது. அவ்வழிச் செல்வோர்க்கு அவர் வாழ்வே கலங்கரை விளக்கம். வாழ்க அப்பெருமகன் நாமம்!